காத்திருக்கும் நாட்களை எண்ணப் பழகுங்கள்

மீட்டிங்கில் குறிப்பெடுப்பது, ட்ரெல்லோ என்ற வேலைப் பலகைச் செயலியில் கார்ட் நகர்த்துவது, எக்செலில் திகதி மாற்றுவது, "அந்த ஃபைல் வந்துட்டுதா?" என்று நாலு பேரிடம் கேட்பது. கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனிக்கோ விளம்பர நிறுவனத்துக்கோ, செயற்றிட்ட முகாமைத்துவம் பழக என்று ஆறு மாதப் பயிற்சிக்குப் போகும் இன்டர்னுக்கு முதலில் கிடைப்பவை இவைதான். எடுபிடி வேலை என்று சோர்ந்துவிட வேண்டாம். செயற்றிட்டம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை மனேஜருக்கும் முன்னால் பார்க்கக்கூடிய கதிரை உங்களுடையது. அங்கேயிருந்து எதைப் பார்க்கவேண்டும், பார்த்ததை எப்படிக் குறிக்கவேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரேயொரு கார்டை, அதாவது அந்தப் பலகையில் ஒரு வேலைக்குரிய அட்டையை, எடுத்துக்கொள்வோம். மும்மொழி இணையத்தளம், 8 பக்கம், பக்கத்துக்கு ஏறக்குறைய 300 சொல், மொத்தம் 2400 சொல். கார்டின் பெயர் 'தமிழ்ப் பக்கங்கள்'. திங்கட்கிழமை கார்டைத் திறக்கிறோம். கிளையன்ட் தரவேண்டிய ஆங்கிலப் பிரதி புதன் பின்னேரம் வருகிறது. வியாழன் காலை அது மொழிபெயர்ப்பாளருக்குப் போகிறது. அவர் கையில் வேறு வேலை இருக்கிறது. அடுத்த திங்கள் தொடங்கி, செவ்வாய் மதியம் அனுப்பிவிடுகிறார். அது 10 மணித்தியால வேலை. கிளையன்ட் தரப்பில் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துச் சரி சொல்லவேண்டும். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைக்கிறது. 2 மணித்தியாலம் இருந்து பார்த்து அனுப்புகிறார். மூன்றாம் கிழமை திங்கள், தளத்தில் ஏற்ற இன்னும் 2 மணித்தியாலம்.

கணக்குப் பாருங்கள். ஓடியது 11 வேலைநாள். நாளுக்கு 8 மணித்தியாலப்படி 88 மணித்தியாலம். கைபட்ட வேலை 14 மணித்தியாலம். மிச்சம் 74 மணித்தியாலமும் கார்ட் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது.

மொழிபெயர்ப்பாளரை "கெதியாச் செய்யுங்கோ" என்று நெருக்கினால் அவருடைய 10 மணித்தியாலம் 8 ஆகலாம், தரம் குறையும். ஆனால் வியாழன் காலை பிரதி வரும் என்று ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லி அவருடைய வியாழனையும் வெள்ளியையும் பிடித்து வைத்திருந்தால் இரண்டு நாள் மிச்சம். கிளையன்ட் தரப்பு வாசிப்பாளருக்கும் அப்படியே முற்கூட்டி அறிவித்திருந்தால் இன்னும் இரண்டு நாள். யாரும் வேகமாக வேலைசெய்யாமலே நாலு நாள் திரும்பிவருகிறது. இரண்டு ஃபோன் அழைப்புப் போதும், அதை எடுக்க இன்டர்னால் முடியும்.

வழக்கமான போர்டில் இந்த நாலு நாள் கண்ணில் படாது. 'செய்யவேண்டியது', 'செய்கிறோம்', 'முடிந்தது' என்று மூன்று நிரல்தான் இருக்கும். வியாழன் காலை கார்ட் 'செய்கிறோம்' நிரலுக்குப் போனால், யாரும் தொடாமல் கிடந்தாலும் அங்கேயே நிற்கும். பார்ப்பவர்கள் வேலை நடக்கிறது என்றே நினைப்பார்கள். ஆகவே முதல் வேலையாக, சுப்பர்வைசரிடம் கேட்டு, 'காத்திருக்கிறோம்' என்று நாலாவது நிரல் ஒன்றைப் போடுங்கள். அந்த நிரலுக்குள் வரும் கார்டின் தலைப்பில் மூன்று விசயம் இருக்கவேண்டும்: யாருக்காகக் காத்திருக்கிறோம், எந்தத் திகதியிலிருந்து, எது வரவேண்டும். 'கிளையன்ட், 6ஆம் திகதி முதல், ஆங்கிலப் பிரதி'. இவ்வளவுதான்.

ட்ரெல்லோவில் இந்த நிரலில் உள்ள கார்டுக்குக் கொடுக்கும் கெடுத் திகதி, வேலை முடியவேண்டிய திகதியாக இருக்கக்கூடாது; நீங்கள் அடுத்ததாக ஞாபகப்படுத்தவேண்டிய திகதியாக இருக்கட்டும். கெடு 24 மணித்தியாலத்துக்குள் வந்தால் மஞ்சள், கடந்தால் சிவப்பு. காலையில் போர்டைத் திறந்ததும் இன்றைக்கு யாருக்கு அழைக்கவேண்டும் என்பதை நிறமே சொல்லிவிடும். ட்ரெல்லோவைப் போன்ற இன்னொரு செயலியான ஜிராவில் புதிய நிலை ஒன்றைச் சேர்க்கப் பெரும்பாலும் நிர்வாகி அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை கார்டில் கொடி போடும் வசதியைப் பாவியுங்கள். கார்ட் மஞ்சளாகும், கொடியோடு ஒரு குறிப்பும் எழுதலாம். ஆனாலும் தனி நிலைதான் நல்லது. ஜிராவின் கொன்ட்ரோல் சார்ட்டில் எந்த நிரல்களை மட்டும் எண்ணவேண்டும் என்று தெரிவுசெய்ய முடியும். 'காத்திருக்கிறோம்' நிரலை மட்டும் தெரிவுசெய்தால் கார்ட்கள் அங்கே எத்தனை நாள் நின்றன என்று படமாக வரும். கொடியை வைத்து அந்தப் படத்தை எடுக்க முடியாது.

அடுத்தது நாட்காட்டி. கொழும்பில் திட்டத் திகதிகள் பிழைப்பதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை. 2025இல் 12 போயா (பௌர்ணமி) தினங்களில் 10 வேலைநாட்களில் விழுந்தன. லீவு என்றால் எல்லாருக்கும் லீவு என்பதும் இல்லை. பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை இருக்கிறது. பெரிய வெள்ளியும் தீபாவளியும் பொது, வங்கி விடுமுறைகள். வர்த்தக விடுமுறைகள் அல்ல. அன்றைக்கு உங்கள் தனியார் கொம்பனி திறந்திருக்கும், கிளையன்டாக இருக்கும் வங்கி மூடியிருக்கும். தீபாவளிக்கு உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் லீவில் இருப்பார். ஆகவே விடுமுறைப் பட்டியலை ஒரே நிரலாக எழுதாதீர்கள். எங்கள் ஒஃபிஸ், கிளையன்ட், வெளியாட்கள் என்று மூன்று நிரல் வைத்து, யார் எந்த நாள் இல்லை என்று குறியுங்கள்.

எக்செலில் 'வேர்க்டே' என்ற ஃபங்ஷன் தொடங்கும் திகதியையும் வேலைநாள் எண்ணிக்கையையும் வாங்கி முடிவுத் திகதியைத் தரும். மூன்றாவதாக விடுமுறைப் பட்டியலையும் கொடுக்கலாம். பலர் அதைக் கொடுப்பதில்லை. கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று 2025 ஏப்ரலை வைத்துப் பாருங்கள். 11ஆம் திகதி வெள்ளி பின்னேரம் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கிறோம், 3 வேலைநாள். பட்டியல் இல்லாமல் எக்செல் சொல்வது 16ஆம் திகதி புதன். அதன் பின் வங்கி பார்ப்பதற்கு 2 வேலைநாள். 18ஆம் திகதி வெள்ளி முடியும் என்று வரும். உண்மையில் 12 சனி போயா, 13 ஞாயிறும் 14 திங்களும் புத்தாண்டு, 18 பெரிய வெள்ளி. பட்டியலைக் கொடுத்தால் மொழிபெயர்ப்பு 17 வியாழன், வங்கியின் பதில் 22 செவ்வாய். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய், 21 திங்கள்தான் திரும்பி வேலையில் இருப்பார் என்றால் மொழிபெயர்ப்பு 23, வங்கி 25 வெள்ளி. ஒரே வேலை, ஒரே 5 நாள். 18க்கும் 25க்கும் நடுவில் ஒரு கிழமை வித்தியாசம். புத்தாண்டுக்கு யார் ஊருக்குப் போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்பதை மார்ச் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையும் வேலைசெய்யும் இடமென்றால் 'வேர்க்டே' சரிவராது. அது சனியையும் ஞாயிறையும் லீவாகவே எடுக்கும். 'வேர்க்டே டொட் இன்டல்' (WORKDAY.INTL) என்பதைப் பாவித்து, வார இறுதிக்கான இடத்தில் 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் லீவு. கழிந்த நாட்களை எண்ண 'நெட்வேர்க்டேஸ்' இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு: தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் இரண்டையும் சேர்த்தே எண்ணும். திங்கள் கொடுத்துச் செவ்வாய் வந்த வேலைக்கு 2 என்று காட்டும். காத்திருப்பை அளக்கும்போது 1 கழியுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் வேறு பொறிகள். ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் நீங்கள் ஜூன் 5 என்று நினைத்து 05/06 எழுத, அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/06 எழுதினால் திகதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: திகதி என்று விளங்கிக்கொண்டதை வலப்பக்கமாக ஒட்டிவைக்கும், எழுத்தென்று எடுத்ததை இடப்பக்கமாக. ஒரு நிரலில் சில திகதி இடம், சில வலம் என்று நின்றால் உடனே செட்டிங்ஸில் நாட்டு அமைப்பைப் பாருங்கள். அடுத்தது ஃபில்டர். பத்துப் பேர் பார்க்கும் ஷீட்டில் சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லாருடைய திரையிலும் வரிசைகள் மறையும்; யாராவது "என்ர வேலையெல்லாம் காணேல்லை" என்று பதறுவார்கள். 'ஃபில்டர் வியூ' போட்டால் உங்களுக்கு மட்டும்.

தமிழில் வேலைசெய்யும் இன்டர்னுக்கு, மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு காத்திருப்பும் கண்ணில் படும்: எழுத்துரு. இன்றைக்கும் சிலர் யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுசெய்துதான் அனுப்புகிறார்கள். அதை எடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் கொம்பு வரும் எழுத்துகளை, கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகியவற்றை, கண்ணால் பார்க்கவேண்டும், அங்கேதான் இடம் மாறும். மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே 'யூனிகோடில் தாருங்கள்' என்று ஒரு வரி எழுதினால் அரை நாள் மிச்சம். கூகுள் ஷீட்ஸிலிருந்து சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழும் சிங்களமும் சிதைந்து தெரியலாம். ஃபைல் பழுதாகவில்லை. எக்செலின் 'டேட்டா' பகுதியால் உள்ளெடுத்து, குறியாக்கத்தை யூடிஎஃப் 8 என்று தெரிவுசெய்யுங்கள்; அல்லது இறக்கும்போதே எக்செல் ஃபைலாக இறக்குங்கள். இன்னொன்று, தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் பொத்தானுக்குத் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' வரும். வடிவமைப்பாளர் ஆங்கிலத்தை வைத்துப் பொத்தானை வரைந்து முடித்தபின் தமிழ் வந்தால் வடிவமைப்பு ஒரு தடவை திரும்பும். முழு மொழிபெயர்ப்பும் வரும்வரை நிற்காமல், பொத்தான், மெனுச் சொற்களை மட்டும் முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். இருபது முப்பது சொல்தான்.

மீட்டிங் குறிப்புக்கு வருவோம். கொழும்பு மீட்டிங்கில் மூன்று மொழியும் ஓடும்; குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும். நடுவில் முடிவுகள் கரைந்துபோகின்றன. சிங்களத்தில் ஒருவர் 'ஹரி, ஹரி' என்றால் அது சம்மதமாகவும் இருக்கலாம், 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதாகவும் இருக்கலாம். தமிழில் 'பாப்பம்' என்பதும் அப்படித்தான். 'இண்டைக்கே பாக்கிறன்' என்றால் இன்றைக்குப் பார்ப்பார் என்றுதான் அர்த்தம். இன்றைக்கு முடிப்பார் என்று குறிப்பில் எழுதினால் அது நீங்கள் உண்டாக்கிய வாக்குறுதி. இதற்கு மருந்து, கடைசி 5 நிமிடத்தில் எழுதியதைச் சத்தமாக வாசிப்பது: "முகப்புப் பக்கத்தின் படங்களை மிஸ் புதன் மதியத்துக்கு முன் அனுப்புவதாக எழுதியிருக்கிறேன், சரியா?" ஆள், பொருள், நேரம். இப்படி வாசிக்கும்போதுதான் "ஐயோ, புதன் எனக்கு ஏலாது" என்று உண்மை வெளியே வரும். இன்டர்ன் பெரியவர்கள் முன்னால் வாய்திறப்பதா என்று தயங்குவது இயல்பு. சுப்பர்வைசரிடம் முற்கூட்டியே சொல்லி, "இனி குறிப்பை வாசிப்போம்" என்று அவரையே தொடக்கிவைக்கச் சொல்லுங்கள். குறிப்பு அன்றைக்கே போகவேண்டும். அடுத்த நாள் போனால் ஆளுக்கொரு ஞாபகம் உருவாகிவிடும்.

ஞாபகப்படுத்துவது ஒரு கைத்திறன். "அக்கா, வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டால் "போகுது தம்பி" என்று பதில் வரும், இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கெடுவுக்கு முதல் நாள் காலை இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. 'எங்களைப் பற்றி' பக்கத்தின்ர தமிழ் நாளைக்கு, வியாழன் பின்னேரம் 4 மணிக்கு வரவேணும். டிசைன் செய்யிற அண்ணா வெள்ளிக்கிழமை காலமை மட்டும்தான் இதில இருப்பார். நேரம் காணாதெண்டால் முதல் 2 பகுதியை மட்டும் நாளைக்கு அனுப்ப ஏலுமா? மிச்சம் திங்கள் வந்தாலும் சமாளிக்கலாம்."

இதில் கெடு இருக்கிறது, பிந்தினால் யாருக்கு என்ன ஆகும் என்பது இருக்கிறது, ஏலாவிட்டால் பாதியாவது தரும் வழி இருக்கிறது. நேரம் காணாதவர் மறைக்காமல் பதில் சொல்ல அந்த மூன்றாவது விசயம்தான் இடம் கொடுக்கிறது. கெடு கடந்தபின் அனுப்பும் செய்தி குற்றச்சாட்டாக மட்டும் காதில் விழும். வட்ஸ்அப்பில் வந்த பதிலை கார்டிலும் ஒட்டிவிடுங்கள். உங்கள் ஃபோனுக்குள் மட்டும் கிடக்கும் பதில் குழுவுக்கு உதவாது.

லண்டன் கிளையன்ட் என்றால் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். அங்கே கோடைகால நேரம் ஓடும்போது நாங்கள் நாலரை மணித்தியாலம் முன்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. மாற்றம் மார்ச்சிலும் ஒக்டோபரிலும் கடைசி ஞாயிறு நடக்கும். உங்கள் கேள்வி பின்னேரம் 1.30க்கு முன் அவர்கள் பெட்டியில் இருந்தால், அவர்கள் ஒஃபிஸ் திறந்ததும் பார்த்து உங்கள் 5 மணிக்கு முன் பதில் தர வாய்ப்புண்டு. 5 மணிக்கு அனுப்பினால் பதில் நீங்கள் வீட்டுக்குப் போனபின் வரும். ஒரு நாள் போய்விடும்.

மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் தரும் இடமென்றால் மூன்று விசயத்தில் கவனம். முதலாவது, அதன் வழக்கமான நாட்காட்டியில் எங்கள் போயாவும் இல்லை, புத்தாண்டும் இல்லை. வேலைநேரத்தை மாற்றும் இடத்தில் ஒவ்வொன்றாகப் போடவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கத் திகதியைக் கையால் எழுதாதீர்கள். எழுதினால் 'இந்தத் திகதிக்கு முன் தொடங்காது' என்ற கட்டு அதன்மேல் விழும். முந்தின வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது அசையாது. வேலைகளைத் தானாகத் திட்டமிடும் முறைக்கு மாற்றி, எது முடிந்தபின் எது என்று இணைத்து, நாள் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். மூன்றாவது, காத்திருப்பையும் ஒரு வேலையாக வரியில் போடுங்கள்: 'கிளையன்ட் சரிபார்ப்பு, 3 நாள்'. ஞாயிறு, போயா எதுவும் பாராமல் ஓடும் காத்திருப்பு என்றால், உதாரணமாகக் கப்பலில் வரும் பொருள், நாளைக் குறிக்கும் ஆங்கில 'டி' எழுத்துக்கு முன்னால் 'ஈ' சேர்த்துக் கொடுத்தால் லீவு நாட்களையும் சேர்த்து எண்ணும்.

அந்த '3 நாள்' எங்கேயிருந்து வருகிறது? அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவாக்கிய பேர்ட் என்ற திட்டமிடல் முறையில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை என்று கேளுங்கள். வழக்கமானதை 4ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6ஆல் பிரியுங்கள். 2, 3, 10 என்றால் 24ஐ 6ஆல் பிரிக்க 4 நாள். 'வழக்கமாக 3' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் 10 கணக்கிலேயே வந்திராது. என் அனுமானத்தில் இன்டர்ன் இந்தச் சூத்திரத்தைவிட, அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் பெரிசு. "மோசமாப் போனா எவ்வளவு, அண்ணா?" என்றதும், கையொப்பம் வைக்கிறவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்ற செய்தி வரும்.

எண்கள் அனுமானமாகவே நிற்காமலிருக்க, வெள்ளிக்கிழமை பின்னேரம் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு ஷீட், அதில் ஐந்து நிரல்: கார்ட், யாருக்காக, எப்போதிலிருந்து, எப்போதுவரை, வேலைநாள். அந்தக் கிழமை 'காத்திருக்கிறோம்' நிரலைவிட்டு வெளியேறிய கார்ட்களை மட்டும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் முப்பது நாற்பது வரி சேரும். கொள்வனவுக் கட்டளையில் கையொப்பம் வர எத்தனை நாள், படம் வர எத்தனை நாள் என்று உங்கள் கொம்பனிக்கே உரிய எண்கள் அதில் இருக்கும். ஆட்களின் பெயரைப் போடாமல் வேலை வகையைப் போடுங்கள். பெயர் போட்டால் அது முறைப்பாட்டுப் பட்டியலாகிவிடும், அடுத்த தடவை ஒருவரும் உண்மைத் திகதி சொல்லமாட்டார்கள். பல்கலைக்கழகம் கேட்கும் பயிற்சி நாட்குறிப்பிலும் 'மீட்டிங்கில் கலந்துகொண்டேன்' என்று எழுதுவதற்குப் பதிலாக இந்த வரிகளையே எழுதலாம்.

சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களுக்கு: பிஎம்ஐ என்ற செயற்றிட்ட முகாமைத்துவ அமைப்பு நடத்தும் காப்பம் என்ற ஆரம்பநிலைப் பரீட்சைக்கு வேலை அனுபவம் தேவையில்லை, பாடசாலைக் கல்வியை முடித்திருப்பதும் 23 மணித்தியாலப் பாடமும் போதும். மேலே சொன்ன ஷீட்டை இரண்டு மாதம் வைத்திருந்தபின் படித்தால் பாடம் சட்டென்று விளங்கும்.

சுப்பர்வைசர்களுக்கும் ஒன்று. இன்டர்னுக்கு எல்லாச் செயற்றிட்டத்திலும் திகதி மாற்றும் வேலையைக் கொடுப்பதைவிட, ஒரு சின்னத் துண்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை கொடுங்கள். ஒரு துண்டுப்பிரசுரம், ஒரு பக்கம். விலை கேட்பது முதல் அச்சகத்திலிருந்து பெட்டியை ஓட்டோவில் ஏற்றுவதுவரை அவர் பார்க்கட்டும். காத்திருப்பின் வலி துண்டு துண்டாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

பயிற்சி முடிய இரண்டு கிழமைக்கு முன் கையளிப்பைத் தொடங்குங்கள். உங்கள் ஒஃபிஸ் கூகுள் கணக்கில் நீங்கள் உண்டாக்கிய ஷீட்களின் உரிமை உங்களிடம்தான் இருக்கும். உரிமையை மாற்றாமல் கணக்கை அழித்தால் ஷீட்களும் போய்விடும். ட்ரெல்லோ போர்டில் நீங்கள் மட்டும் நிர்வாகியாக இருந்தால் இன்னொருவரையும் ஆக்குங்கள். பிறகு, அந்தச் செயற்றிட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு புதிய இன்டர்னைப் போர்டுக்கு முன்னால் இருத்தி, எது யாருக்காக நிற்கிறது என்று உங்களிடம் கேட்காமல் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கார்டில் அவர் திணறுகிறாரோ, அந்தக் கார்டின் தலைப்பைத் திருத்தி எழுதிவிட்டுப் போங்கள்.